வாய்பாட்டில் அணுவை எண்ணுவது எப்படி? டியூஷனில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாங்கோனில் வேதியியல் டியூஷன் எடுக்கிறேன். வருகிற பிள்ளைகளில் நிறையப் பேர் தமிழ்ப் பிள்ளைகள். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் பர்மியம், மேல்வகுப்பு அறிவியல் புத்தகத்தில் ஆங்கிலம் என்று மூன்றையும் சமாளித்துக்கொண்டு வருகிறார்கள். இவர்களுக்கு அறிவு குறைவு இல்லை. வேதியியல் வாய்பாட்டில், அதாவது ஒரு பொருளில் எந்த அணு எத்தனை என்று காட்டும் எழுத்துக் குறிப்பில், இருக்கிற சின்ன எண் யாருக்குச் சொந்தம் என்று ஒருவரும் நின்று சொல்லிக்கொடுக்காததால் தடுமாறுகிறார்கள். "சயாமா, இதை இன்னொரு தடவை சொல்லுங்க" என்று திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். (சயாமா என்றால் பர்மியத்தில் ஆசிரியை.) பெற்றோர் கேட்டவையும் இருக்கின்றன.

ஒரு குறிப்பு. குறியீடுகளை ஒலிப்படி தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். ஒரு தனிமத்தின் குறியீடு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் இடைவெளி விட்டிருக்கிறேன். அதாவது "என்ஏ சிஎல்" என்றால் சோடியம், குளோரின் என்று இரண்டு தனிமங்கள். உங்கள் புத்தகத்தில் அந்த இடைவெளி இருக்காது.

அணுவை எண்ணு என்கிறார்கள், தனிமத்தை எண்ணு என்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. தனிமம் என்றால் எத்தனை வகை, அணு என்றால் மொத்தம் எத்தனை. சர்க்கரையின் வாய்பாடு சி₁₂ எச்₂₂ ஓ₁₁. வகை மூன்றுதான்: கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன். அணுக்கள் 12, 22, 11 சேர்த்து 45.

பிள்ளைகள் மாட்டிக்கொள்வது ஒரே தனிமம் இரண்டு இடத்தில் வரும்போது. அம்மோனியம் நைட்ரேட்டை என் எச்₄ என் ஓ₃ என்று எழுதுவார்கள். இதில் நைட்ரஜன் முன்னாலும் இருக்கிறது, பின்னாலும் இருக்கிறது. தனிமம் நான்கு என்று எழுதிவிட்டு வருவார்கள். மூன்றுதான், நைட்ரஜனை ஒரு முறைதான் கணக்கில் எடுக்க வேண்டும். அணுக்களைக் கூட்டும்போது மட்டும் இரண்டு நைட்ரஜனையும் சேர்க்க வேண்டும்: 2 நைட்ரஜன், 4 ஹைட்ரஜன், 3 ஆக்சிஜன், ஆக 9.

அப்படியானால் ஏன் இரண்டு இடத்தில் எழுதுகிறார்கள்? சேர்த்து எழுதினால் என்ன?

எண்ணுவதற்கு மட்டும் என்றால் சேர்த்தே எழுதலாம். ஆனால் எந்த அணுக்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து இருக்கின்றன என்பதையும் வாய்பாடு காட்டப் பார்க்கிறது. அம்மோனியம் ஒரு குழு, நைட்ரேட் ஒரு குழு. புளிக்காடியில் இருக்கும் அசெட்டிக் அமிலத்தை சி எச்₃ சி ஓ ஓ எச் என்று நீட்டி எழுதுவதும் அதனால்தான். அதில் கார்பன் 2, ஹைட்ரஜன் 4, ஆக்சிஜன் 2, ஆக 8 அணுக்கள். நீளத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

ஒரு குறியீடு எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று எப்படித் தெரியும்?

பெரிய எழுத்தைப் பாருங்கள். ஒவ்வொரு பெரிய எழுத்திலும் ஒரு புதிய குறியீடு தொடங்கும். அதை ஒட்டிச் சின்ன எழுத்து வந்தால் அது முன்னால் இருக்கிற பெரிய எழுத்தோடு சேர்ந்தது. பெரிய சி, பெரிய ஓ என்று எழுதினால் கார்பன் மோனாக்சைடு. இரண்டு தனிமம், இரண்டு அணு, மூச்சடைக்க வைக்கிற நச்சு வாயு. பெரிய சி, சின்ன ஓ என்றால் கோபால்ட், ஒரே ஒரு தனிமம், நீலக் கண்ணாடி செய்யப் பயன்படும் உலோகம். கையெழுத்து அவசரத்தில் பெரியதும் சின்னதும் ஒரே அளவில் வந்துவிட்டால் திருத்துகிறவருக்கு நீங்கள் எதை நினைத்தீர்கள் என்று தெரியாது. பர்மிய எழுத்திலும் தமிழ் எழுத்திலும் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று ஒன்று கிடையாது. அதனால் நம் பிள்ளைகளின் கண் இந்த வேறுபாட்டுக்குப் பழகக் கொஞ்ச நாள் ஆகும், திட்டாதீர்கள்.

எழுத்தால் தனிமத்தைக் குறிக்கும் இந்த முறையைக் கொண்டுவந்தவர் சுவீடன் நாட்டு பெர்சீலியஸ், 1813-14 வாக்கில். லத்தீன் பெயர்களிலிருந்து எழுத்தை எடுத்ததால்தான் இரும்புக்கு எஃப்ஈ, தங்கத்துக்கு ஏயூ, சோடியத்துக்கு என்ஏ. அவர் எண்ணை மேலே எழுதினார், கீழே இறக்கியவர்கள் பின்னால் வந்தவர்கள்.

எண் எதுவும் போடவில்லை என்றால்?

ஒன்று. பூஜ்ஜியம் இல்லை.

கீழே இருக்கிற சின்ன எண் யாருக்குச் சேரும்?

தனக்கு இடது பக்கத்தில் ஒட்டியிருப்பதற்கு மட்டும். எச்₂ எஸ் ஓ₄ என்றால் அந்த 2 ஹைட்ரஜனுக்கு, 4 ஆக்சிஜனுக்கு. நடுவில் இருக்கும் கந்தகத்துக்கு எண் இல்லை, ஆகவே ஒன்று. மொத்தம் 7 அணு, 3 தனிமம். அந்த 4 கந்தகத்துக்கும் சேருமா என்று சிலர் கேட்பார்கள், சேராது. சேர வேண்டும் என்றால் அடைப்புக்குறி போட்டிருப்பார்கள்.

அடைப்புக்குறி வந்தாலே குழப்பமாக இருக்கிறது, சயாமா.

சரி, பாட்டியின் வெற்றிலைத் தட்டில் இருக்கும் சுண்ணாம்பையே எடுத்துக்கொள்வோம். அது கால்சியம் ஹைட்ராக்சைடு, சிஏ (ஓ எச்)₂. முச்சந்தியில் கூன்யா, அதாவது வெற்றிலைப் பொட்டலம், விற்கும் கடையில் இரண்டு பொட்டலம் வாங்கினால் ஒவ்வொன்றிலும் வெற்றிலை இருக்கும், பாக்கு இருக்கும். பாக்கை மட்டும் இரண்டாக்கிக் கொடுக்க மாட்டார் கடைக்காரர். அடைப்புக்குறிக்கு வெளியே நிற்கும் 2 அப்படித்தான், உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் சேரும். ஆக்சிஜன் 2, ஹைட்ரஜன் 2, வெளியே இருக்கும் கால்சியம் ஒன்று. மொத்தம் 5.

அடைப்புக்குறியை விட்டுவிட்டு சிஏ ஓ எச்₂ என்று எழுதினால் அணு 4 ஆகிவிடும், அப்படி ஒரு பொருளும் கிடையாது.

உள்ளேயே எண் இருந்தால் பெருக்க வேண்டும். வயலுக்குப் போடும் யூரியா சி ஓ (என் எச்₂)₂. நைட்ரஜன் 1 × 2 = 2. ஹைட்ரஜன் 2 × 2 = 4, இங்கேதான் பாதிப் பேர் கூட்டிவிடுகிறார்கள், இரண்டும் இரண்டும் கூட்டினாலும் நாலு, பெருக்கினாலும் நாலு என்பதால் தப்பு வெளியே தெரியாமல் போய்விடுகிறது! அதனால் நான் யூரியாவை வைத்துச் சோதிக்கவே மாட்டேன். அம்மோனியம் சல்பேட்டைக் கொடுப்பேன்: (என் எச்₄)₂ எஸ் ஓ₄. ஹைட்ரஜன் 4 × 2 = 8. கூட்டினவர்கள் 6 என்பார்கள், உடனே பிடித்துவிடலாம். நைட்ரஜன் 2, ஹைட்ரஜன் 8, கந்தகம் 1, ஆக்சிஜன் 4, ஆக 15 அணு, 4 தனிமம்.

அடைப்புக்குறிக்குள் இன்னொரு அடைப்புக்குறி இருந்தால்?

உள்ளேயிருந்து வெளியே வாருங்கள். பெயின்டில் பயன்படும் பிரஷ்ய நீலம் என்ற நிறமியின் வாய்பாடு எஃப்ஈ₄ [எஃப்ஈ (சி என்)₆]₃. முதலில் உள் அடைப்பு: சி என் ஆறு முறை, ஆகவே கார்பன் 6, நைட்ரஜன் 6. அதோடு சதுர அடைப்புக்குள் இருக்கும் ஓர் இரும்பு. ஆக சதுர அடைப்பு ஒன்றுக்கு 13 அணு. அது மூன்று முறை, 39. வெளியே இருக்கும் நான்கு இரும்பையும் சேர்த்தால் 43. இரும்பு மட்டும் எத்தனை என்று கேட்டால் 4 + 3 = 7. தனிமம் எத்தனை? மூன்றே மூன்று.

முன்னால் பெரிய எண் இருந்தால் அது எதற்கு?

அதற்குக் கெழு என்று பெயர், முழு வாய்பாட்டையும் பெருக்கும். 3 எச்₂ எஸ் ஓ₄ என்றால் மூன்று மூலக்கூறு, 3 × 7 = 21 அணு. தனிமம் அதே 3தான், கெழு எவ்வளவு பெரிதானாலும் வகை கூடாது.

2 ஓ, ஓ₂, 2 ஓ₂ இந்த மூன்றுக்கும் வித்தியாசம் சொல்லச் சொல்லிக் கேட்பார்கள். முதலாவது தனித்தனியாக நிற்கும் இரண்டு ஆக்சிஜன் அணு. இரண்டாவது, இரண்டு அணு பிணைந்த ஒரு மூலக்கூறு, நாம் சுவாசிப்பது. மூன்றாவது அப்படிப்பட்ட இரண்டு மூலக்கூறு, 4 அணு.

நடுவில் ஒரு புள்ளி வருகிறதே, அது பெருக்கல் குறியா?

இல்லவே இல்லை. கணக்குப் பாடத்தில் புள்ளி பெருக்கல், இங்கே அது "இதோடு சேர்த்து" என்பதற்கு. மயில்துத்தத்தின் வாய்பாடு சியூ எஸ் ஓ₄ · 5 எச்₂ ஓ. படிகத்துக்குள் ஒரு காப்பர் சல்பேட்டுக்கு ஐந்து நீர் மூலக்கூறு உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். முதல் பகுதி 6 அணு. இரண்டாவது பகுதி 5 × 3 = 15. கூட்டினால் 21. ஆக்சிஜன் மட்டும் 4 + 5 = 9. தனிமம் நான்கு: தாமிரம், கந்தகம், ஆக்சிஜன், ஹைட்ரஜன். மயில்துத்தத்தைச் சூடாக்கினால் அந்த நீர் போய் நீலம் மறைந்து வெள்ளைத் தூளாகும், மறுபடி தண்ணீர் விட்டால் நீலம் திரும்பும். அந்தப் புள்ளிக்குப் பின்னால் இருப்பது சும்மா ஒட்டவைத்த அலங்காரம் இல்லை.

இன்னொன்று படிகாரம். டெல்டா பக்கம் ஆற்றுத் தண்ணீரைக் குடத்தில் பிடித்து, கலங்கல் தெளிய ஒரு கட்டியைச் சுழற்றுவார்களே, அதுதான். கே ஏஎல் (எஸ் ஓ₄)₂ · 12 எச்₂ ஓ. அடைப்பு, புள்ளி, கெழு எல்லாம் ஒன்றாக வந்திருக்கிறது, அதனால் எனக்கு ரொம்பப் பிடித்த கணக்கு. பொட்டாசியம் 1, அலுமினியம் 1, கந்தகம் 2, ஆக்சிஜன் 8 + 12 = 20, ஹைட்ரஜன் 24. மொத்தம் 48 அணு, 5 தனிமம்.

துருவின் வாய்பாட்டில் எக்ஸ் என்று ஒரு எழுத்து இருக்கிறது. அதுவும் தனிமமா?

இல்லை. எஃப்ஈ₂ ஓ₃ · எக்ஸ் எச்₂ ஓ என்று எழுதியிருந்தால், நீரின் அளவு துருவுக்குத் துரு மாறும் என்று பொருள். அதில் மொத்த அணுவை ஓர் எண்ணாகச் சொல்ல முடியாது, 5 + 3எக்ஸ் என்றுதான் எழுத வேண்டும். தேர்வில் இப்படிக் கேட்டால் எண்ணைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

எங்கள் அப்பா மொகோக் கல் வியாபாரம் பார்க்கிறார். மாணிக்கத்துக்கு வாய்பாடு உண்டா?

உண்டு, இந்தக் கேள்வி வந்தால் எனக்கு அன்றைய பாடமே மறந்துபோகும். மாணிக்கம் அலுமினியம் ஆக்சைடு, ஏஎல்₂ ஓ₃. 2 தனிமம், 5 அணு, அவ்வளவுதான். நீலக்கல்லுக்கும் இதே வாய்பாடு. அப்புறம் சிவப்பு எங்கிருந்து வந்தது? அலுமினியம் இருக்க வேண்டிய சில இடங்களில் கொஞ்சமாகக் குரோமியம் போய் உட்கார்ந்ததால் வந்தது. நீலக்கல்லில் இரும்பும் டைட்டானியமும் அந்த வேலையைச் செய்கின்றன. முழுத் தூய்மையாக இருந்தால் அந்தக் கல்லுக்கு நிறமே இருக்காது. ஆக, கல்லுக்கு விலை ஏற்றுகிற தனிமம் வாய்பாட்டில் எழுதப்படுவதே இல்லை. கேள்வித்தாளில் "ஏஎல்₂ ஓ₃ இல் எத்தனை தனிமம்" என்றால் 2 என்றுதான் எழுத வேண்டும், குரோமியத்தைச் சேர்க்கக் கூடாது.

அதே மொகோக்கில் மாணிக்கத்தோடு கலந்து கிடைக்கும் இன்னொரு சிவப்புக் கல் ஸ்பினெல். பழைய காலத்தில் இரண்டையும் ஒன்றென்றே நினைத்தார்கள், பிரிட்டிஷ் மணிமுடியில் மாணிக்கம் என்று பெயர் வாங்கி உட்கார்ந்திருக்கும் பெரிய கல்லே ஸ்பினெல்தான். வாய்பாட்டைப் பார்த்தால் குழப்பமே இல்லை: எம்ஜி ஏஎல்₂ ஓ₄, 3 தனிமம், 7 அணு. கச்சின் மாநிலத்து ஃபாகந்த் சுரங்கங்களிலிருந்து வரும் பச்சைக்கல், அதாவது ஜேடைட், என்ஏ ஏஎல் எஸ்ஐ₂ ஓ₆. 4 தனிமம், 10 அணு.

பெரிடாட் என்ற இளம்பச்சைக் கல்லில் ஒரு வேடிக்கை இருக்கிறது. (எம்ஜி, எஃப்ஈ)₂ எஸ்ஐ ஓ₄ என்று அடைப்புக்குள் காற்புள்ளி போட்டு எழுதுவார்கள். இங்கே மேலே சொன்ன அடைப்பு விதி பொருந்தாது. மக்னீசியம் இரண்டு, இரும்பு இரண்டு என்று எடுத்தால் தப்பு. இரண்டும் சேர்ந்து மொத்தம் இரண்டு இடம், அதில் எது எவ்வளவு என்பது கல்லுக்குக் கல் மாறும். ஆகவே 2 + 1 + 4 = 7 அணு. பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லித்தருவதில்லை, ஆனால் கல் வியாபாரி வீட்டுப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கட்டும்.

கடைசியாகப் பெயினைட். 1950களில் மொகோக்கில் ஆர்தர் பெயின் என்பவர் கைக்கு வந்த கல், 1957இல் புதிய கனிமம் என்று அறிவித்து அவர் பெயரையே வைத்தார்கள். ரொம்ப காலத்துக்கு உலகத்தில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் கிடைத்தது. ஒரு புத்தகத்தில் சிஏ இஸட்ஆர் ஏஎல்₉ ஓ₁₅ (பி ஓ₃) என்று இருக்கும், இன்னொன்றில் சிஏ இஸட்ஆர் பி ஏஎல்₉ ஓ₁₈ என்று இருக்கும். பி என்பது போரான், இஸட்ஆர் என்பது சிர்கோனியம். இரண்டையும் எண்ணிப் பாருங்கள். முதலாவதில் ஆக்சிஜன் 15 + 3 = 18, இரண்டாவதில் நேராகவே 18. இரண்டிலும் 30 அணு, 5 தனிமம்.

மேலே எழுதும் சின்ன எண்ணையும் சேர்க்க வேண்டுமா?

வேண்டாம். வலப்பக்கம் மேலே 2 போட்டுக் கழித்தல் குறி வைத்திருந்தால் அது மின்சுமை. சல்பேட் அயனியில், அதாவது மின்சுமை ஏறிய எஸ் ஓ₄ குழுவில், 5 அணு, மின்சுமை என்னவாக இருந்தாலும் அதே 5. இடப்பக்கம் மேலே 14 என்று இருந்தால் அது நிறை எண், எண்ணிக்கை இல்லை.

நீரில் இரண்டு ஹைட்ரஜன் என்று யார் எண்ணிப் பார்த்தது? கண்ணுக்கே தெரியாதே.

நல்ல கேள்வி, பெரியவர்கள்கூட இதைக் கேட்பதில்லை. அணுக் கொள்கையைக் கொண்டுவந்த டால்டனே நீரை ஒரு ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன் என்றுதான் எழுதினார். வேறு ஆதாரம் இல்லாதபோது எளிமையானதை எடுத்துக்கொள்வோம் என்பது அவர் வழி. ஆனால் வாயுக்களை அளந்து பார்த்த கே-லுசாக், ஆக்சிஜன் ஒரு பங்குக்கு ஹைட்ரஜன் இரண்டு பங்கு சேர்கிறது என்று காட்டினார். ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் சம கன அளவு வாயுவில் மூலக்கூறுகளும் சமம் என்று 1811இல் அவோகாட்ரோ சொன்னார். இரண்டையும் சேர்த்தால் எச்₂ ஓ வந்துவிடும். ஆனால் அவர் சொன்னதை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1860இல் ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூ நகரத்து மாநாட்டில் கனிசாரோ எடுத்துச் சொன்ன பிறகுதான் வேதியியலாளர்கள் ஒரு வழிக்கு வந்தார்கள். நீங்கள் ஒரு நொடியில் எழுதும் அந்த 2க்குப் பின்னால் அரை நூற்றாண்டுச் சண்டை இருக்கிறது.

எண்ணிக்கை ஒன்றாக இருந்தால் பொருளும் ஒன்றுதானா?

இல்லை. பாலில் இருக்கும் லாக்டோசுக்கும் கரும்புச் சர்க்கரைக்கும் ஒரே வாய்பாடு, சி₁₂ எச்₂₂ ஓ₁₁. அதே 45 அணு. ஆனால் இனிப்பு ஒன்றா? பால் சர்க்கரை அளவுக்கு இனிக்காது, சிலருக்கு லாக்டோஸ் செரிக்கவும் செரிக்காது. அணுக்கள் எப்படிக் கோத்திருக்கின்றன என்பது வேறு. அதை எண்ணிக்கை சொல்லாது.

உப்பில் இரண்டு அணு என்றால், ஒரு கல் உப்பில் இரண்டே இரண்டு அணுவா?

உப்பில் தனி மூலக்கூறு என்று ஒன்று கிடையாது. சோடியமும் குளோரினும் மாறி மாறி அடுக்கிய பெரிய கட்டடம் அது. என்ஏ சிஎல் என்பது அங்கே ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தைத்தான் சொல்கிறது. ஒரு கிராம் உப்பில் ஏறத்தாழ 2 × 10²² அணுக்கள் இருக்கின்றன. 2க்குப் பின்னால் 22 பூஜ்ஜியம் போட்டுக்கொள்ளுங்கள்.

இதை எண்ணி என்ன ஆகப்போகிறது? என் மகள் டாக்டருக்குப் படிக்க வேண்டும்.

அக்கா, சமன்பாட்டைச் சமன் செய்யவே இதுதான் அடிப்படை. வினைக்கு முன்னால் எத்தனை அணு இருந்ததோ பின்னாலும் அத்தனை இருக்க வேண்டும். சுவரில் அடித்த சுண்ணாம்பு காய்ந்து இறுகுகிறதே, அது வெறுமனே உலர்வது இல்லை. சிஏ (ஓ எச்)₂ காற்றில் இருக்கும் சி ஓ₂ ஐ இழுத்துக்கொண்டு சிஏ சி ஓ₃ ஆகவும் நீராகவும் மாறுகிறது. முன்னால் 5 + 3 = 8, பின்னால் 5 + 3 = 8. பா-ஆன் பக்கம் நிற்கும் மலைகளும் அதே சிஏ சி ஓ₃ தான். எண்ணத் தெரியாத பிள்ளை சமன் செய்யும்போது கீழே இருக்கும் எண்ணை மாற்றிவிடும், எச்₂ ஓ வை எச்₂ ஓ₂ ஆக்கிவிடும். நீர் போய் ஹைட்ரஜன் பெராக்சைடு ஆகிவிட்டது! கெழுவை மட்டும்தான் மாற்றலாம்.

தேர்வில் தப்பு வராமல் எண்ண ஒரு வழி சொல்லுங்கள்.

மனக்கணக்கு வேண்டாம். தனிமங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள், ஒரே தனிமம் மறுபடி வந்தால் புதிய வரி போடாமல் அதே வரியில் கூட்டல் குறி போட்டுச் சேருங்கள். முடிந்ததும் வரிகளை எண்ணினால் தனிமம், எண்களைக் கூட்டினால் அணு. பெருக்கலை எல்லாம் வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.

பயிற்சிக்கு இரண்டு கொடுங்கள், சயாமா.

முதலாவது, நம் ஊர்ச் சமையலில் எதிலும் விழுகிற அஜினமோட்டோ. 1908இல் டோக்கியோவில் இகேடா என்ற பேராசிரியர் கடற்பாசிச் சாற்றிலிருந்து கண்டெடுத்த சுவை இது. கடையில் விற்கும் படிகத்தின் வாய்பாடு என்ஏ சி₅ எச்₈ என் ஓ₄ · எச்₂ ஓ. இரண்டாவது கொஞ்சம் முரடு: நெஃப்ரைட், ஜேடைட்டைப் போலவே பச்சைக்கல் என்று விற்கும் இன்னொரு கல். சிஏ₂ (எம்ஜி, எஃப்ஈ)₅ எஸ்ஐ₈ ஓ₂₂ (ஓ எச்)₂.

முதலாவதற்கு விடை 22 அணு, 5 தனிமம். ஹைட்ரஜனை 8 என்று விட்டவர்கள் புள்ளிக்குப் பின்னால் பார்க்கவில்லை, அது 10. இரண்டாவதில் கால்சியம் 2, மக்னீசியமும் இரும்பும் சேர்ந்து 5, சிலிக்கான் 8, ஆக்சிஜன் 22 + 2 = 24, ஹைட்ரஜன் 2, ஆக 41 அணு. தனிமம் 6. உங்களுக்கு 46 வந்திருந்தால் காற்புள்ளியை மறந்து ஐந்தை இரண்டு முறை எடுத்திருக்கிறீர்கள்.